ஓட்டைப் பனியன் கொலை வழக்கு

பீரோவைத் திறந்த நாச்சிமுத்து, "ஐயோ, போச்சு!" என்று போட்ட சத்தத்தில், மாடியில் குடியிருந்த ஒச்சாயி கரண்டியும் கையுமாகப் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

நகை பத்திரமாக இருந்தது. போனது ஒரு பனியன். வலது அக்குளுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த பனியன்.

அதை நாச்சிமுத்து ஒரு நாளும் போட்டதில்லை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மச்சினன் அர்த்தநாரி அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி தொடங்கியபோது, பூஜைக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கவரில் போட்டுக் கொடுத்தான். எல்லாருக்கும் எக்ஸ்போர்ட் சரக்கு. நாச்சிமுத்துவின் கவரில் மட்டும் ஓட்டை. வேறு ஊராக இருந்தால் ஓட்டை என்று சொல்லித் தூக்கிப் போட்டிருப்பார்கள். திருப்பூரில் அதற்குப் பெயர் செகண்ட்ஸ். கழித்துக்கட்டிய சரக்கு. ஆயுசு முழுக்க நிட்டிங் மெஷின் ஓட்டியவருக்கு, அதுவும் அக்கா புருஷனுக்கு, செகண்ட்ஸ்!

"நான் வாய் திறந்து கூப்பிடாமல் அவன் இந்தப் படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டு வாயை மூடியவர்தான். "மச்சான் கூப்பிடாமல் நான் போக மாட்டேன்" என்று அவனும் இருந்துவிட்டான். இடையில் எத்தனையோ பொங்கல் போய்விட்டது.

இப்போது மகள் கிருத்திகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை எப்படி மணவறைக்கு அனுப்புவது? மனைவி கலைமகள் அழுது பார்த்தாள். கும்பிட்டுப் பார்த்தாள். பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிப் பார்த்தாள். எது செய்தாலும் நாச்சிமுத்து பீரோவைத் திறப்பார். ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டுவார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்தப் பனியனைத்தான் இப்போது காணவில்லை.

"ஏனுங்க, பழைய துணிக்குப் போயி இப்பிடிக் கத்தறீங்க?" என்று கலைமகள் வந்தாள்.

"துணியா? சாட்சி புள்ள அது! எவனோ சாட்சியக் கொன்னுபோட்டான்!"

கொலை, சாட்சி என்பதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், கலைமகளிடமிருந்துதான். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கதை வாசிப்பாள். ராயபுரத்து லைப்ரரியிலிருந்து எடுத்து வரும் இங்கிலாந்துக் கொலைக் கதைகள், தமிழில் ஆக்கியவை. எல்லாப் புத்தகத்திலும் லிட்டில் ஹாப்டன் என்று ஒரே கிராமம். அதில் டீக்கடை வைத்திருக்கும் ஹெட்டி என்கிற அம்மாள்தான் கொலைகாரனைக் கண்டுபிடிப்பாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாச்சிமுத்து எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கொலைகாரன் கிழவனாகிவிடுவான். அதனால் பாயில் சாய்ந்து கேட்டுக்கொள்வதோடு சரி.

"ஏம்புள்ள, நம்ம வீதியில பாதிகூட இல்லாத ஊரு. பொஸ்தகத்துக்கு ரெண்டு பேரு சாகறான். பொறவு அந்தம்மா யாருக்குத்தான் டீ ஆத்துது?"

"எழவு விசாரிக்க வர்றவங்க குடிக்க மாட்டாங்களாக்கு?"

"அதுஞ் செரிதான்."

பிணத்தை ரோஜாச் செடிக்குள் வைத்துக்கொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற அந்த ஊர்க்காரர்களை அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் வேலித் தகராறுக்காக ஒருத்தன் முப்பது வருஷம் காத்திருந்து டீயில் விஷம் வைத்தான் என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வன்மத்தை அப்படிப் பத்திரமாக வைத்திருக்கிற ஜனம் கெட்ட ஜனமாக இருக்க முடியாது. அன்றிலிருந்து ஹெட்டி அவருக்கு ஹெட்டி அக்கா.

ஆகவே அவர் துப்பறிய ஆரம்பித்தார். முதலில் மாட்டியவள் ஒச்சாயி.

"மொட்டமாடிக் கொடியில உந்துணியும் எந்துணியும் ஒண்ணாத்தான காயுது?"

"என்னண்ணே பேசுறீக? ஓவர்லாக்குல நாளைக்கு ஆயிரம் பனியன் தைக்கிறவ நானு. ஒங்க ஓட்டப் பனியன வச்சு என்ன பண்ணப் போறேன்? வடிகட்டவா?"

அடுத்தது மகள். "அப்பா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்று ஸ்கூட்டியில் பறந்துவிட்டாள். சந்தேகம் தீரவில்லை.

கலைமகளை அவர் சந்தேகப்படவில்லை. கதை வாசிக்கிறவளே எப்படிக் கதைக்குள் வருவாள்?

அன்று மதியம் அவள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "இதனால யாருக்கு லாபம்னு ஹெட்டி அக்கா மொதல்ல பாப்பாங்கல்ல? பாத்தீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு மின்னல் வெட்டியது. கல்யாணத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும். எல்லாருக்கும் பனியனைக் காட்டினால் யாருக்கு அவமானம்?

"அர்த்தநாரி! ஆள் வெச்சுத் தூக்கிட்டான் புள்ள!"

"அட, நெசமாலுமே! எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"உனக்கு எப்படித் தோணும்?"

"இப்ப என்னுங்க பண்றது? கதையில கடைசிக்கு எல்லாத்தையும் ஒரே ரூமுல உக்கார வெச்சுத்தான் குத்தவாளியக் காட்டுவாங்க. அவன் இங்க வரோணுமே."

"போன் போட்டு வரச் சொல்லு."

"போன்ல கூப்பிட்டா உசாராயிருவானுங்க. ஹெட்டி அக்கா நேராத்தான போவாங்க? சிரிச்ச மொகமா, 'வாங்க மாப்ளே, நம்மூட்டுக்கு வாங்க'ன்னு கூப்பிடுவாங்க. ஆனா அதெல்லாம் உங்களால ஆகாதுங்க. உட்டுருங்க."

"எதுடி ஆகாது?"

கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சிரித்துப் பார்த்தார். முகம் ஒத்துழைத்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு அனுப்பர்பாளையம் போனார்.

கட்டிங் டேபிள் அருகில் நின்றிருந்த அர்த்தநாரி, வாசலில் அவரைக் கண்டதும் கையிலிருந்த டேப்பைக் கீழே போட்டுவிட்டான். நாச்சிமுத்து அதைக் குறித்துக்கொண்டார். முதல் துப்பு.

"வாங்க மாப்ளே. ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்கு வாங்க."

அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான்... நீங்களே வந்து..."

அழுகிறான். குற்றம் உறுத்துகிறது. நாச்சிமுத்து உள்ளுக்குள் துள்ளினார். டீ வாங்கிக் கொடுத்தான். விஷம் இருக்குமோ என்று அவனை முதலில் குடிக்கவிட்டுப் பிறகுதான் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சாயி மூக்குத்தி மினுங்க வந்திருந்தாள். கிருத்திகா பட்டுப் பாவாடை தாவணியில் இருந்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துப்பறிகிறவருக்கு ஆயிரம் கவலை. அர்த்தநாரி புது வேட்டி கட்டி, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தான். சமையற்கட்டில் பருப்புப் பாயசம் கொதிக்கிற வாசனை வந்தது.

நாச்சிமுத்து நடுவில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"இந்த ரூமுக்குள்ள ஒரு குத்தவாளி உக்காந்திருக்கான்."

"ஆத்தாடி!" என்றாள் ஒச்சாயி.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த கலைமகள், தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டினாள். முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சாட்சியக் கொன்னவன்... அதோ!"

கையை அர்த்தநாரிக்கு நேராக நீட்டினார். யாரும் அர்த்தநாரியைப் பார்க்கவில்லை. அவர் விரலையே பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மஞ்சள் கறை படிந்த, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற கைப்பிடித்துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த ஓட்டை வழியே அவருடைய விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டையை அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

"கொலகாரி நாந்தானுங்க" என்றாள் கலைமகள். "போன பொஸ்தகத்துலயும் எல்லாத்துக்கும் டீ குடுத்த வேலக்காரிதான் பண்ணியிருந்தா. நீங்க பாதியில தூங்கிட்டீங்க."

"இவனை நான் கூப்பிட்டது விசாரணைக்கு!"

"எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு சபையில யாரும் கேக்க மாட்டாங்க. ஏண்டா தம்பி, மச்சான் கூப்பிட்டாரா இல்லியா?"

"வாய் நெறையக் கூப்பிட்டாருங்க்கா! எங்கம்பெனி ஆளுகளே சாட்சி."

கலைமகள் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள். மேலே முதல் கல்யாணப் பத்திரிகை இருந்தது. கிருத்திகா மாமன் காலில் விழுந்தாள். அர்த்தநாரி அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மச்சானிடம் இரண்டு கையாலும் நீட்டினான்.

"அன்னைக்குப் பேக்கிங்குல புதுப் பையன் தெரியாம மாத்திப் போட்டுட்டானுங்க மச்சான். நல்லது ஒண்ணு அப்பவே எடுத்து வெச்சேன். கூப்பிட்டாத்தானுங்களே கொண்டாறது?"

நாச்சிமுத்து வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்குளை இரண்டு தடவை பார்த்தார். ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பகையை இனி எதில் மாட்டி வைப்பது?

கடைசியில் கழுத்துப் பட்டையில் ஏதோ அகப்பட்டது.

"சைஸ் ஒண்ணு பெருசு" என்றார் மெதுவாக.

பாயசக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்த கலைமகள் கேட்டாள்.

"அப்ப இதையும் சமையக்கட்டுக்கு எடுத்துக்கட்டுங்களா?"

நாச்சிமுத்து அவசர அவசரமாகப் பனியனைத் தலை வழியே மாட்டிக்கொண்டார்.