ஆளில்லாத நிலவுக்கு ஒரே கேப்டன்

எனக்கு ஒரு காலத்தில் ஒரே ஒரு ரசிகர் இருந்தார். இருக்கிற ஒருவரை நேரில் பார்க்க ஆசைப்படக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இருபத்தேழு வயது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கே திரும்பி, எங்கள் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டரோடு குடியேறியிருந்தேன். யாராவது கேட்டால் "சொந்தமா கேம் பண்றேன்" என்பேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது. பெங்களூர் நண்பர்கள் பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் அனுப்புவதோடு சரி. ஒரு நாளைக்கு நான் பேசுகிற மொத்தப் பேச்சும் அம்மாவிடம்தான். "சோறு போடவா?" "போடு."

ஆனால் என் விளையாட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வியாழன் கோளின் நிலவில், பனிக்கு அடியில் ஒரு பெருநகரம். பத்தாயிரம் பேர் நடமாடும் கடைவீதி. வானத்திலிருந்து இயந்திரப் படை இறங்கும். விளையாடுகிறவர்தான் கேப்டன், மக்களைக் காப்பாற்ற வேண்டும். நம்மூர்க்காரர்கள் கையில் இருக்கிற சாதாரண போனில் இது ஓட வேண்டும் என்பது என் வீராப்பு.

அம்மாவின் போனில் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் பேரும் வந்து சேர்வதற்குள் போன் தோசைக்கல் மாதிரி சுட்டு, அணைந்துவிட்டது. ஆயிரமாகக் குறைத்தேன். நூறாக்கினேன். பன்னிரண்டு பேர் நடந்தாலே கேப்டனுக்குக் கால் நகரவில்லை. கடைசியில் ஒருவருமே இல்லாத நகரத்தை வைத்துக்கொண்டு, "மக்கள் அனைவரும் பதுங்கிவிட்டனர்" என்று முதல் திரையில் எழுதிச் சமாளித்தேன். இயந்திரப் படையும் இரண்டே இரண்டாகச் சுருங்கியது. மூன்றாவது வந்தால் முதலாவது காணாமல் போய்விடும்.

நெட்டில் ஏற்றினேன். சொந்தக்காரப் பிள்ளைகள் இறக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே அழித்தார்கள். மிஞ்சியது ஒருவர். பெயர் தெரியாது. தர்மபுரி மாவட்டம் என்று மட்டும் என் கம்ப்யூட்டரில் காட்டும். ஞாயிறு தவிர தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் நாற்பது நிமிடம் விளையாடுவார். நான் அந்த ஒருவருக்காகவே வேலை செய்யத் தொடங்கினேன். உறைந்த ஏரிக்கரையில் அவர் வெகுநேரம் நிற்பது பதிவில் தெரிந்தது. அங்கே ஒரு பெஞ்சு போட்டேன். மறுநாள் அதில் உட்கார்ந்தார். நான் அழுதுவிட்டேன். (சிரிக்காதீர்கள், அந்த மாதத்தில் என்னை மதித்து யாராவது செய்த ஒரே காரியம் அதுதான்.)

அந்த வேகத்தில், ஏரிக்கரைச் சுவரில் இப்படி எழுதி வைத்தேன்: "கேப்டன், வரும் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள பேக்கரிக்கு வரவும். மஞ்சள் சுடிதார்."

ஞாயிறு பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரில் ஒரு கிலோ கேக், மேலே "கேப்டன், வருக". பதினொன்றரை ஆயிற்று. ஈக்கள்தான் வந்தன. பிறகு பிரெட் வாங்க அத்தை வந்தார். கேக்கைப் படித்தார். அன்றைக்கென்று நான் வைத்திருந்த பொட்டைப் பார்த்தார். வெளியே போய் போன் செய்தார். பத்து நிமிடத்தில் அப்பாவும் அம்மாவும் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"பையன் யாருடி?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

"பேரு?"

"தெரியாது."

"எந்த ஊராச்சும் தெரியுமா?"

"தர்மபுரி மாவட்டம்."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். பின்னால் கையில் பையோடு ஓர் அம்மா.

"மஞ்ச சுடிதார் நீங்கதானுங்களா?" என்று என்னைக் கேட்டார். "இது என் வூட்டுக்காரிங்க. ஏதோ ஏமாத்து வேலை, தனியா போவாதீங்கன்னு கூடவே வந்துட்டா."

அத்தை அவர் மனைவியைப் பார்த்தார், அவர் மனைவி கேக்கைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

விஷயம் விளங்க அரைமணி ஆயிற்று. அவர் சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். மதியம் மலைமேல் பஸ் நிற்கும் நேரத்தில் விளையாடுகிறார். எனக்கு மானம் போனாலும் ஆர்வம் போகவில்லை. எத்தனை இயந்திரங்களை வீழ்த்தினீர்கள் என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் போடறதில்லைங்க. அதுங்க வந்தா ஒரு மூலையில போயி நின்னுக்குவேன்."

"அப்புறம் எதுக்குங்க தினமும் விளையாடறீங்க?"

"அங்க ஒருத்தரும் இல்லைங்களே" என்றார். "காலையில இருந்து எண்பது பேருங்க. சில்லறை குடு, உள்ள போ, படியில நிக்காத. அங்க போனா யாரும் எதுவும் கேக்கறதில்ல. இப்ப பெஞ்சு வேற போட்டிருக்கீங்க."

நல்ல போன் வந்ததும் பத்தாயிரம் பேரையும் கொண்டுவந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"வேண்டாங்க. ஏத்தாதீங்க. எடமில்லைங்க" என்றார், படிக்கட்டில் நின்று சொல்வது போலவே.

ஆள் இல்லையே என்று நான் ஏங்கிக் கட்டிய ஊரில், ஆள் இல்லை என்பதற்காகவே ஒருவர் குடியிருந்தார். கேக்கை வெட்டினேன். இரண்டு துண்டு சாப்பிட்ட அத்தை, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் வந்த இரண்டு வரன்களும் முதலில் விசாரித்தது அந்தக் கண்டக்டரைப் பற்றித்தான்.

அந்த நகரத்தில் இன்றுவரை ஆள் ஏற்றவில்லை. எங்கள் வீட்டில் யாராவது பேசாமல் தனியே உட்கார்ந்திருந்தால் "கண்டக்டரோட ஊருக்குப் போயிருக்காங்க, கூப்பிடாத" என்பது பழகிவிட்டது. போன வாரம் நான் மாடியிலேயே கிடந்தபோது அப்பா அதைச் சொன்னது கீழிருந்து கேட்டது. சற்று நேரத்தில் அம்மா இரண்டு டம்ளர் காபியோடு மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூப்பிடக் கூடாதுன்னாங்களே?" என்றேன்.

"நான் எங்க கூப்பிட்டேன்?" என்றாள். "ஏறிட்டேன். டிக்கெட்டு குடு."