இறங்கிப்போன வீடு

வீட்டை விட்டுப் போன தண்ணீர் வீட்டுக்கே திரும்பி வந்தால், அலுவலகத் தமிழில் அதற்குக் 'கழிவுநீர்ப் பின்னேற்றம்' என்று பெயர். அனகாபுத்தூர் அமைதி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் இருந்த ரோஸியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தால், கூடத்தில் செருப்புகள் தானாக நடமாடிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

சாதாரண நாளாயிருந்தால் ஒரு ஜெபம், ஒரு துடைப்பம் என்று முடித்திருப்பாள். ஆனால் மகள் கிறிஸ்டினாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். சேதி வண்டலூருக்கு எட்டியதும் சம்பந்தியம்மா போனில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: அந்த வீட்டுக்குப் பச்சைக் குழந்தையை அனுப்ப முடியாது, வீடு சரியானால் பார்க்கலாம்.

பின் சந்தில் இஸ்திரி போடும் எல்லம்மா, கூப்பிடாமலே பிளீச்சிங் பவுடரோடு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று நாள் ரோஸியம்மாவோடு சேர்ந்து தேய்த்தாள். கூலிப் பேச்செடுத்ததற்குக் கோபித்துக்கொண்டாள்.

ரோஸியம்மாவின் கணவர் ஏசுபாதம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மனுவாக எழுதினால்தான் அவருக்கு மனம் ஆறும். 'கழிவுநீர்ப் பின்னேற்றத் தடுப்பு மற்றும் சேத ஈட்டுப் பிரிவு'க்கு ஒரு கட்டு மனுப் படிவம் வாங்கி வந்து மூன்று பிரதிகளில் எழுதினார். பதினோராம் நாள் உதவிப் பொறியாளர் அரிகிருஷ்ணன் நேரிலேயே வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர் முகம் வாடியது.

"சேதம் எங்கம்மா?"

கழுவிவிட்டோம் என்றாள் ரோஸியம்மா.

"அப்போ சேதத்தை நீங்களே அழிச்சிட்டீங்க" என்று எழுதிக்கொண்டார்.

நல்லவேளையாகச் சுவரில் கறைக்கோடு மிச்சமிருந்தது. அதை வைத்து அளவுக் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, வைத்தியர் கெட்ட சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

"அம்மா, உங்க வீடு இறங்கிடுச்சு."

"இல்ல சார். கட்டினப்போ நாலு படி ஏறி உள்ள வருவோம். ரோடு மேல ரோடா அஞ்சு தடவை போட்டாங்க. இப்போ ரெண்டு படி இறங்கி வர்றோம். ரோடுதான் ஏறிடுச்சு."

"ரோடு ஏறாதும்மா. அது அரசாங்க சொத்து. வச்ச இடத்துலதான் இருக்கும்."

ஏழாம் விதியை வாசித்துக் காட்டினார். சாலை மட்டத்துக்குக் கீழே அமைந்த வீடு, கழிவுநீரைத் தானாக முன்வந்து வரவேற்றதாகக் கருதப்படும். வரவேற்ற விருந்தாளிக்கு ஈடு கிடையாது.

"சரி சார், யாருக்குத்தான் கிடைக்கும்?"

"வீடு மேல இருந்து, தண்ணி கீழேயிருந்து ஏறி வந்திருந்தா கிடைக்கும்."

"வந்திருக்கா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் நிரூபிக்கலைம்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அடுத்த வாரம் ஈட்டுத் தொகைக்குப் பதிலாக ஒரு நோட்டீஸ் வந்தது. மேற்படி வீடு எந்தத் தேதியிலிருந்து இறங்கி வருகிறது, யாருடைய அனுமதியின் பேரில் இறங்கியது, இறங்கும்போது ஏன் தகவல் தரவில்லை என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஏசுபாதம் இரண்டு ராத்திரி தூங்காமல் விளக்கம் எழுதினார். வீட்டின் சார்பாக மன்னிப்பும் கேட்டிருந்தார்.

தெருவிலோ அதற்குள் வேறொரு காய்ச்சல் பரவியிருந்தது. எதிர்வீட்டு சாம்பசிவன், வடக்கேயிருந்து ஆட்களை வரவழைத்து, வீட்டுக்கடியில் இருநூறு ஜாக்கி கொடுத்து மூன்றடி தூக்கிவிட்டார். உயர்த்து விழா என்று பத்திரிகை அடித்து, பால் காய்ச்சி, கேசரி கொடுத்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேசரி தொண்டையில் இறங்கவில்லை. மூன்றரை அடி தூக்கினார். பிறகு தெருவில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதை விட்டார்கள். எத்தனை அடி என்றுதான் கேட்டார்கள். சாம்பசிவன் மனைவி திரிபுரசுந்தரி மாடியிலிருந்து பேசுவதுபோலத் தன் வாசலிலிருந்து பேசப் பழகினாள்.

உயர்ந்த வீடுகளின் தண்ணீரெல்லாம் உயராத வீட்டைத் தேடி வந்தது. ரோஸியம்மா வீட்டில் மறுபடி செருப்புகள் நடமாடின. எல்லம்மா மறுபடி துடைப்பத்தோடு வந்தாள். இத்தனைக்கும் நடுவில், தெருமுனையில் அடைத்துக்கிடந்த பாதாள சாக்கடை மூடியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அரிகிருஷ்ணனிடம் கேட்டதற்கு, மூடி சாலை மட்டத்தில்தான் இருக்கிறது, அதன்மேல் புகார் எதுவும் இல்லை என்றார்.

ரோஸியம்மா மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தாள். நான்காம் நாள் ஏசுபாதத்திடம், "நாமும் தூக்கிடலாங்க" என்றாள். அவருடைய ஓய்வுப் பணம் ஜாக்கிகளுக்கடியில் போயிற்று. நாலரை அடி, தெருவிலேயே அதிகம். ஏறுவதற்கு ஏழு படி. போதகர் வந்து ஒவ்வொரு படிக்கும் ஜெபம் செய்தார். சம்பந்தியம்மா வந்து ஏழு படியையும் எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டார். கிறிஸ்டினா வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. கூடம் முழுக்கப் பால் வாசனையும் பவுடர் வாசனையும்தான்.

குழந்தைக்கு இருபதாம் நாள், நல்ல மழை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ரோஸியம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். ரொம்பக் கீழே, முழங்கால் வரை நனைந்து எல்லம்மா நின்றாள்.

"அக்கா, உங்க தெரு தண்ணி மொத்தமும் எங்க வூட்டுக்குள்ள வந்துகினு கீது. ஊர் துணியெல்லாம் கட்டிலுக்கு மேல கீது. இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்லக்கா."

ரோஸியம்மாவுக்கு மனசு பதறத்தான் செய்தது. இறங்கிப் போகத்தான் நினைத்தாள். கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது, தோளில் பச்சைக் குழந்தை. வாயைத் திறந்தாள். ஆறுதலாக ஒரு வசனம் வரும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள்.

"உன் வீடு இறங்கிடுச்சு போல, எல்லம்மா" என்றாள், மிகவும் இரக்கத்தோடு.

பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த மனுப் படிவம் ஒன்றைத் தேடியெடுத்து வந்து, மேல்படியில் நின்றபடியே நீட்டினாள். எல்லம்மா எம்பிப் பார்த்தாள். எட்டவில்லை.