கலோநேரித் துறையில் யாம் கத்தாத மாலை

அலைகடல் ஓடுவார்க்கெல்லாம் துணைநிற்கும் புனித நிக்கோலாவே, செவிசாய்த்தருள்க. இருமல் மருந்தை இரு கையாலும் அளந்தளித்த கொடையாளன், மூலநோய்க் களிம்பின் முடிசூடா வேந்தன், வோலோஸ் நகர் மருந்துக்கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு வாழ்நாளைக் கழித்து, ஓய்வுபெற்ற சூட்டோடு பிறர் கைவிட்ட பாய்மரப் படகொன்றை வாங்கி, தீவுதோறும் கரையூர்தோறும் உலாப் புறப்பட்ட பெருமான் லாம்ப்ரோஸின் போர்ச்சரிதம் இது. அதைப் பாட வேறெவரும் முன்வராமையால் யாமே பாடுகின்றோம். அந்த லாம்ப்ரோஸும் யாமே.

எம் படையில் வீரர் ஒருவரே. எம் மனைவி எவந்தியா. தொடக்கப்பள்ளி ஆசிரியையாய் இருந்தவள். ஒரு வகுப்பறை இரைச்சலை ஒற்றைச் சொல்லால் அடக்கிய கொற்றவை. கடல் எமது கனவே அன்றி அவளது கனவன்று. அவள் விரும்பியது எம் வீட்டு முற்றத்து எலுமிச்சை நிழலும், ஒரு சாய்வு நாற்காலியும், யாரும் கூப்பிடாத பிற்பகல்களும். ஆயினும் எம்மொடு வந்தாள். படகின் முன்முனையில் நின்று நங்கூரச் சங்கிலியை இறக்குவதும் ஏற்றுவதும் அவள் பணி. பின்முனையில் சுக்கானைப் பற்றி நின்று கத்துவது எம் பணி.

ஆம், கத்துவது. பகலெல்லாம் பால்போல் இனியராய் விளங்கும் யாம், படகைத் துறையில் கட்டும் வேளை வந்ததும் முரசு கிழிந்தாற்போல் முழங்கத் தொடங்கிவிடுவோம். முந்தைய நாள், பக்கத்துத் தீவில், யாம் "எவந்தியா" என்று முழங்கிய முழக்கத்தில், கரையோரக் காப்பிக்கடையில் அமர்ந்திருந்த பாதிரியார் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை காப்பியை எம் முன் வைத்துவிட்டுத்தான் பேசினாள். கோபம் இருந்திருந்தால் யாம் தப்பியிருப்போம். குரலில் கோபமே இல்லை.

"இன்னிக்குக் கரையில கட்டும்போது ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கத்தினாலும், நாளைக்கு வர்ற கப்பல்ல ஏறி வீட்டுக்குப் போயிடுவேன், லாம்ப்ரோ. நீ உன் படகோட சந்தோஷமா இரு."

இவ்வாறாக, நாவடக்கம் என்னும் கவசம் பூண்டு, அஞ்சாநெஞ்சம் முழுதும் அஞ்சியவராய், அன்று மாலை கலோநேரி என்னும் கரையூரின் சிறு துறைக்குள் நுழைந்தோம். துறைமதில் நெடுகப் படகுகள் நெருங்கி நின்றன. எஞ்சியிருந்தது ஒரே ஓர் இடைவெளி. அதன் இடப்புறம் ஸ்தமாத்திஸ் என்னும் மீனவரின் நீலப் படகு, வலை குவித்து நின்றது. எதிரே காப்பிக்கடை வாசலில் ஊர்ப் பெருமக்கள் ஊசோ மதுக் கிண்ணங்களை ஏந்தி, நாற்காலிகளைக் கடல்நோக்கித் திருப்பிப் போட்டு, அன்றைய கூத்துக்குக் காத்திருந்தனர். எமக்குப் பின்னாலோ, வெண்தொப்பி அணிந்த இத்தாலியர் ஒருவர், எம் படகைப்போல் இருமடங்கு பெரிய படகில், அதே இடைவெளியில் கண்வைத்து நிலமுனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மெல்தெமி என்னும் கோடைக்காற்று மதயானைக் கூட்டமெனப் பக்கவாட்டில் பாய்ந்தது.

எடுத்தோம் போர். இடைவெளிக்கு நேரெதிரே படகைத் திருப்பி, கையை உயர்த்திச் சைகை காட்ட, எவந்தியா நங்கூரத்தை இறக்கினாள். சங்கிலி கடகடவென நீரில் பாய, பின்முனையை மதிலில் கட்ட யாம் பின்னோக்கி வந்தோம். நேர்த்தி என்றால் அது நேர்த்தி. காப்பிக்கடையில் ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். துறைமதில் கைக்கெட்டும் தூரத்தை நெருங்கிய அக்கணத்தில், போதுமென்று எண்ணி, எவந்தியா சங்கிலியை நிறுத்திவிட்டாள்.

படகு நின்றது. இன்னும் சிறிது சங்கிலி விட்டால் வெற்றி எமது. எம் நெஞ்சிலிருந்து அவள் பெயர் பெருவெள்ளமெனப் பொங்கித் தொண்டை வரை வந்தது. வந்த வெள்ளத்தைப் பல்லால் அணைகட்டி நிறுத்தினோம். பிறகு, காய்ச்சல்காரருக்கு மாத்திரை எடுத்துத் தரும் அதே குரலில், இன்னும் கொஞ்சம் விடேன் கண்ணே, என்று விண்ணப்பித்தோம்.

காற்று அதை வாங்கித் துருக்கி தேசத்துக்குக் கொண்டுபோயிற்று. என்ன சொல்கிறாய் என்று அவள் திரும்பிக் கேட்டாள். மீண்டும் விண்ணப்பித்தோம், முன்னிலும் கனிவாக. அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். இதற்குள் மெல்தெமி எம் படகின் முன்முனையைப் பிடித்துத் தள்ள, படகு மெல்ல, ஒரு தேர் திரும்புவதுபோல், ஸ்தமாத்திஸின் நீலப் படகை நோக்கித் திரும்பியது. யாம் புன்னகைத்தோம். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஸ்தமாத்திஸ் பின்னிக்கொண்டிருந்த வலையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன கேப்டன், நேத்து நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே. இன்னிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?"

அப்போதுதான் அது நிகழ்ந்தது. முன்முனையில் நின்ற கொற்றவை இடுப்பில் கைவைத்தாள். ஒரு தலைமுறைப் பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் செய்த அக்குரல், காற்றைக் கிழித்து, கலோநேரியின் மணிக்கூண்டில் மோதித் திரும்பி வந்தது.

"லாம்ப்ரோ! வாயத் தொறந்து பேசு. சங்கிலிய விடணுமா, இழுக்கணுமா?"

"விடு" என்று யாம் முழங்கியபோது எம் படகின் விலா நீலப் படகின் விலாவோடு தழுவிக்கொண்டிருந்தது. எம் படகின் விளிம்புக் கம்பியொன்று அவர் வலையைக் கோத்துக்கொண்டது. இத்தாலியர் தொப்பியைக் கழற்றி எமக்கு வணக்கம் செலுத்தியவாறே இடைவெளிக்குள் வழுக்கிச் சென்று அமர்ந்தார். காப்பிக்கடையில் கைதட்டல் எழுந்தது. அது யாருக்கென்று யாம் விசாரிக்கவில்லை. ஸ்தமாத்திஸ் வலையை விடுவித்து, எம் கயிற்றை வாங்கித் தம் படகிலேயே கட்டிவிட்டு, தாம் விடியலில் கடலுக்குப் போகும்போது நாங்களும் எழுந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எவந்தியா பின்முனைக்கு வந்து எம் அருகில் அமர்ந்தாள். அவள் கைகளில் சங்கிலித் துரு. யாம் நிமிர்ந்து, தோற்ற மன்னன் எஞ்சிய கொடியைக் காட்டுவதுபோல், உண்மையைச் சமர்ப்பித்தோம்.

"நான் கத்தல."

முதலில் அவள் தோள்கள்தான் குலுங்கின. அழுகையோ என்று பதறினோம். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் துருவாயிற்று.

"கத்து. யாரு வேணாம்னா? ஆனா சங்கிலின்னு கத்து, கயிறுன்னு கத்து. நேத்து என்ன வேணும்னு நீ சொல்லவே இல்ல, லாம்ப்ரோ. என் பேர மட்டும்தான் சொன்ன. நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன்."

கடலரசர், களிம்பு வேந்தர், வாகை சூடாத வீரர் ஆகிய யாம், தலைகவிழ்ந்து, அத்துருக்கரத்தைப் பற்றினோம். கப்பலைப் பற்றி அவள் பேசவில்லை. கேட்க எமக்குத் துணிவில்லை. பின்னர் இருவரும் நீலப் படகின் மேலேறி, வலையைத் தாண்டி, ஊர்ப் பெருமக்களின் பார்வை மழையில் நனைந்தவாறு, வென்று மீளும் படையின் கம்பீரத்தோடு காப்பிக்கடை நோக்கி அணிவகுத்தோம்.

மத்தி மீன் தீர்ந்துபோயிருந்தது, ஆம்லெட் சாப்பிட்டோம்.