கன்னியாவில் என் நாரிக்குக் கிடைத்த மரியாதை

நாரி நோ உள்ளவனுக்கு அந்த நோவைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அது வெளியே தெரிவதில்லை. கையை முறித்தவனுக்குக் கட்டு இருக்கிறது. காய்ச்சல்காரனுக்கு நெற்றி சுடுகிறது. நாரி நோகிறவனோ, பார்க்கிறவர்களுக்கு, சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருக்கும் ஆள். (நாரி என்று நாங்கள் சொல்வது முதுகின் அடிப்பாகத்தை.) ஆகவே அவன் தன் நோவைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் நடுவில் நான் அப்படிக் கதைத்தேன். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்த ஒருவரையும் விடவில்லை. கடைசியில் படலையைத் திறப்பவர்களே குறைந்துபோனார்கள்.

அந்த நோவை நானாகத்தான் தேடிக்கொண்டேன். துறைமுகக் களஞ்சியமொன்றில் கிளாக்கராக இருந்த காலம் அது. தேயிலைப் பெட்டிகளைத் தூக்கும் ஆட்கள் சரியான முறையில் தூக்குவதில்லை என்று ஒருநாள் எனக்குப் பட்டது. பேனையைத் தவிர வேறொன்றையும் தூக்கிப் பழகாத நான், எப்படித் தூக்குவது என்று செய்து காட்டினேன். பெட்டி நிமிர்ந்தது, நான் நிமிரவில்லை. முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகி நரம்பை அமத்துகிறது என்றார்கள். கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது. காலுக்குள் மின்சாரம் அடித்ததுபோல ஓடிக்கொண்டிருந்த வலி நின்றது. நானும் வீட்டுக்கு வந்து பெரிய வீரனைப்போலச் சில வாரம் உலாவினேன். பிறகு, வெட்டின இடத்தைச் சுற்றி ஒரு உளைவு மெல்லத் தொடங்கி, விடாமல் பிடித்துக்கொண்டது.

திரும்பக் கொழும்புக்குப் போனேன். வெட்டின டொக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கால்களை மடக்கினார், நீட்டினார், பெருவிரலை அமத்திப் பார்த்தார்.

"காயம் நல்லா மாறியிருக்கு. காலில பெலன் இருக்கு, சலம் போறதில கரைச்சல் இல்லை. திரும்ப வெட்டுறதுக்கு அங்க ஒண்டும் இல்லை," என்றார்.

இதைக் கேட்டு மனிதன் சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ அவமானமாக இருந்தது. இவ்வளவு நோகிற ஒரு நாரியில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? அவர் என்னை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார்.

அந்த மிஸ் மெலிந்த, அவசரமில்லாத பெண். என் கதையை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். (இரண்டாவது தடவை சொல்லத் தொடங்கியபோதுதான் நிறுத்தினார்.) பிறகு சொன்னார்:

"உங்கட நரம்பு கனகாலம் அமத்துப்பட்டுக் கிடந்தது. இப்ப அதை ஒண்டும் அமத்தேல்லை. ஆனா பயம் தெளியேல்லை, சின்ன அசைவுக்கும் கத்துது. நீங்களும் பயந்து அசையாமக் கிடந்தா தசை இறுகும், இன்னும் நோகும். நோகுது எண்டா உடையுது எண்டு நினைக்காதேங்கோ."

சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கை முடியும் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டச் சொன்னார். குனியப் பழகச் சொன்னார். குளிசை இல்லை, எண்ணெய் இல்லை, நோகிற இடத்தை ஒரு அமத்து அமத்திக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்து படுத்தேன்.

படுத்தேன் என்றால் சும்மா படுக்கவில்லை. நிலத்தில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் பாய் விரித்து, நாரியில் அகலமான பெல்ட்டும் கட்டிக்கொண்டு அங்கிருந்தபடியே குடும்பத்தை ஆண்டேன். ஒரு பிரம்பால் நிலத்தில் தட்டினால் தேத்தண்ணி வரும். செருப்பை என் மனைவி பூமணி மாட்டிவிடுவாள். எங்களோடு இருந்த என் அப்பா பேப்பரைப் படித்து முடித்ததும் குனிந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். எழுபதைத் தாண்டிய அந்த மனிதன் எனக்காகக் குனிகிறார் என்பது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அவருடைய சாய்மனைக் கதிரையின் சீலை நைந்துபோயிருந்தது. அதை மாற்றித் தரும்படி பூமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். கம்பைக் கழற்றக் குனிய வேண்டுமே, ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் கொழும்பில் இன்னொரு டொக்டர் இருக்கிறார், கேட்டால் வெட்டுவார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்த டொக்டர் அவர்தான். திங்கட்கிழமை மெயில் ரயிலில் போவதென்று தீர்மானித்தேன். பூமணி அழுதாள். முதல் டொக்டர் வெட்ட வேண்டாம் என்று சொன்ன இடத்தில் இன்னொருவர் கத்தி வைத்து, இருக்கிற காலும் போனால் என்ன செய்வது என்று கேட்டாள். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போய் நாரிக்கு வார்த்துப் பார்ப்பது, சுகம் தெரியாவிட்டால் திங்கள் கொழும்பு.

போவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். நோ மாறினால் மொட்டை போடுகிறேன் என்று சல்லிக் கிராமத்து முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். நோ மாறிய பிறகு போட வேண்டிய மொட்டையை முன்கூட்டியே போட்டுவிட்டால் அம்மனுக்கு ஒரு அவசரம் வரும் என்று கணக்குப் போட்டேன். மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டேன். பூமணி பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ரசாக் நானா தன் மொரிஸ் மைனரில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தார். ரோட்டில் இருந்த ஒரு குழியையும் அந்தக் கார் விட்டுவைக்கவில்லை. கன்னியாவில் இறங்கும்போது என் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெறும் மேல், மழித்த தலை, மழித்த மீசை, அழுத முகம். இப்படி ஒருவன் கன்னியாவில் நின்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வருகிற இடம் அது. மீசையையும் மழித்துக்கொண்டு நிற்பவன் அநேகமாகத் தகப்பனை இழந்த மகன். என்னைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் என் நாரியைத் தவிர வேறு நினைவே இல்லை.

அன்றும் ஒரு பகுதியினர் ஐயரோடு வந்திருந்தார்கள். ரசாக் நானா அங்கிருக்கும் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் மாறிமாறி அள்ளி என் நாரியில் ஊற்றிவிட்டு, சுருட்டுப் பற்றவைக்க அப்பால் போனார். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சூடு இதமாக இருந்தது. நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். அப்போது அந்தக் கூட்டத்தில் இருந்து ஒருவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். எங்கள் ஒபீஸ் சீஃப் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்து கொஞ்சக் காலம்தான், எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஒன்றும் பேசாமல் பிடித்த கையை விடாமல் நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து அதேபோலக் கையைப் பிடித்தார்கள்.

துக்கவீட்டுக்காரனிடம் யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை, கையைத்தான் பிடிப்பார்கள். எத்தனை செத்தவீட்டில் நானும் பிடித்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கடைசியில் என் நாரிக்கு உரிய மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். 'நோவின் பாரம் தெரிந்த மனிதர்கள்' என்று காரில் ரசாக் நானாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சீஃப் கிளாக்கர் பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தன்னோடு வேலை செய்கிறவன் வீட்டில் சாவு நடந்து மாதம் ஒன்றாகிவிட்டது, ஒபீசில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மனிதன் கூசிப்போனார். அன்று பின்னேரமே புதிதாகச் சேர்ந்த இரண்டு இளம் கிளாக்கர்மாரையும் கூட்டிக்கொண்டு, தேயிலையும் சீனியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. தன் வீட்டுப் பங்கை அப்படியே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நான் உள்ளே பலகையில் கிடந்தேன். பூமணி கோயிலுக்குப் போயிருந்தாள். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அப்பா. வந்தவர்கள் அவரை யாரோ உறவுக்காரர் என்று நினைத்து எதிரே உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கப் பிந்திவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்கள். யார் செத்தது என்று அப்பா கேட்டார். தம்பியின் தகப்பனார் என்றார் சீஃப் கிளாக்கர்.

கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு அப்பாவின் குரல், மிகவும் மரியாதையாக வந்தது.

"நல்ல மனுசனோ?"

"தங்கமான மனுசன்," என்றார், அவரைக் கண்டே இராத சீஃப் கிளாக்கர்.

அப்பா இன்னும் கேட்டார். தங்கமான மனிதர் எப்படிப் பழகுவார், மகனை எப்படி வளர்த்தார் என்றெல்லாம் விசாரித்தார். சீஃப் கிளாக்கரும் சளைக்காமல் பதில் சொன்னார். தன் பெருமையை இவ்வளவு விபரமாகக் கேட்கும் பாக்கியம் எவருக்குக் கிடைக்கும்? எழும்பிப் போய் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எழும்ப ஏலாதே. பிரம்பால் தட்டினேன். ஒருவரும் வரவில்லை.

"அந்தாளுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இருக்கேல்லைத் தம்பி," என்றார் அப்பா. "மகன் பாயில கிடந்தவன். குனிஞ்சு குனிஞ்சு அவனுக்குச் செய்து களைச்சுப்போனார். இப்ப திரும்பவும் வெட்டப் போறானாம். அதைப் பார்க்க முதல் போனது நல்லது."

சிரிப்பதற்காகத் தொடங்கிய கதைதான். ஆனால் கடைசி வசனத்தில் அவருடைய குரல் உடைந்தது. அப்பாவின் குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெட்கத்தில் என் முகம் எரிந்தது.

அடுத்த கணம் 'டர்' என்று ஒரு சத்தம். கதிரைச் சீலை கிழிந்துவிட்டது.

எப்படி எழும்பினேன், எப்படி விறாந்தைக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. சட்டத்துக்குள் மடிந்து கிடந்த அப்பாவைக் குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். நாரிக்குள் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. இத்தோடு முறிந்தது என்று, அவரை ஏந்தியபடியே, முறிகிற சத்தத்துக்காகக் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை. நோ வந்தது, நின்றது, மெல்ல இறங்கியது.

"அப்பா, நொந்ததோ?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, நான் செத்த ஆள்," என்றார் அவர். "உனக்கு?"

சீஃப் கிளாக்கர் எழுந்து நின்றார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. சுகயீன லீவில் எழும்ப ஏலாமல் கிடக்கும் கிளாக்கர், செத்துப்போன தன் தகப்பனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இரண்டில் எதை முதலில் கேட்பது என்று அந்த மனிதனுக்கு விளங்கவில்லை. ஒன்றையும் கேட்காமல் போய்விட்டார். சீனியை மறந்துவிட்டார். பூமணி அதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

மறுநாள் காலையில் நாரி நொந்தது. ஆனால் முதல் நாள் எவ்வளவு நொந்ததோ அவ்வளவுதான். பாயில் படுத்தபடி இதை நெடுநேரம் யோசித்தேன். ஒரு ஆளையே தூக்கியும் கூடாத நோ, செருப்பு மாட்டினால் மட்டும் ஏன் கூட வேண்டும்? அன்றிரவு மெயில் ரயில் நான் இல்லாமல் போனது.

வெட்கத்தை விட்டு மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "இனிமேல் அப்பாவில தொடங்க வேண்டாம். அரைவாளித் தண்ணியில தொடங்குவம்," என்றார்.

அரைவாளியில் தொடங்கினேன். ஒழுங்கை முடியும் வரை நடந்தேன், பிறகு உள்துறைமுகக் கரை வரை. சில நாள் நோ கூடியது. அன்று தூரத்தைக் குறைத்தேன், ஆனால் படுக்கவில்லை. கதிரைக்கு நானே குனிந்து புதுச் சீலை போட்டேன். மாதங்கள் போக வேலைக்குத் திரும்பினேன். நோ என்னை விட்டு முழுதாகப் போகவில்லை. இன்றும் மழைக்காலத்தில் வந்து எட்டிப் பார்க்கிறது. நான்தான் அதற்குப் பாய் விரிப்பதை விட்டுவிட்டேன். திரும்ப ஒரு கத்தி என் முதுகில் படவில்லை.

அப்பா அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். சீஃப் கிளாக்கரைச் சந்தையில் கண்டால், "தம்பி, நான் நடேசன்ட காலஞ்சென்ற தகப்பன்," என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வார். வீட்டில் யாராவது வருத்தம் சொல்லிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகப் படுத்தால், "கன்னியாவுக்குக் கார் பிடிக்கவோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இப்போது என் பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா உண்மையாகவே போனார். அந்தியேட்டிக்கு மறுபடியும் மொட்டை, மறுபடியும் வெள்ளை வேட்டி, மறுபடியும் கன்னியா. ஏழு கிணற்றிலும் நானே குனிந்து அள்ளினேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. இந்த முறை அதற்கும் நாரிக்கும் சம்பந்தமில்லை.

சீஃப் கிளாக்கர் வந்திருந்தார், பென்ஷன் எடுத்து நரைத்துப்போயிருந்தார். கிட்ட வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். முன்போலவே ஒன்றும் பேசாமல் பிடித்த கையை விடாமல் நின்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"நாரி எப்பிடி?"