மாப்பிள்ளை கழற்றிய கம்ப்யூட்டர்

'தெரியாது' என்பது நாலே எழுத்துள்ள சொல். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பது வயது வரை வரவில்லை. வழி கேட்டால் தெரியாத தெருவுக்கும் வழி சொல்வேன். யாராவது மலாயில் கடிதம் கொண்டுவந்து காட்டினால், பாதி புரியாமலேயே முழுதாக விளக்குவேன். இந்த வியாதி எனக்கு எப்படிக் குணமானது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மருந்து கசப்பாக இருந்தது.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில், பிரிண்டர் மை விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். "கறுப்பா, கலரா?" என்று கேட்பதுதான் என் தொழில்நுட்ப அறிவின் எல்லை. கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனபோது என் அம்மா அதைக் "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. (லேசாகத் தலையை வேறு ஆட்டினேன்.)

பெண்ணின் பெயர் தர்ஷினி. பல் கிளினிக்கில் உதவியாளர். இரண்டு குடும்பத்துக்கும் பிடித்துப்போய், அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. அந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அம்மா போன் செய்தார்.

"தம்பி, வீட்டுக் கம்ப்யூட்டரு பதினஞ்சு நிமிசம் ஓடுது, அப்புறம் தானா அணைஞ்சு போவுது. நாளைக்கு மூணு மணிக்கு தர்ஷினிக்கு ஆன்லைன்ல பரீட்சை. கடையில கொடுக்கலாம்னா அவ பயப்படுறா. நான்தான் சொன்னேன், வீட்டுலயே ஆளு இருக்குல்ல, மாப்பிள்ளையவே கூப்பிடலாம்னு."

மாப்பிள்ளை! அந்தச் சொல்லுக்கு மயங்காதவன் யார்? "சின்ன விஷயம் ஆன்டி. காலையில வந்துடுறேன்," என்றேன்.

மறுநாள் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதைப் போனிலேயே கற்றுவிடுவது என் திட்டம். நோயை மட்டும் சரியாகவே கண்டுபிடித்தேன். புரோசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. அதன் மேல் ஒரு விசிறி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்த ஒரு பசை தடவியிருப்பார்கள். பசை காய்ந்துவிட்டால் மூளை கொதிக்கும், கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். வீடியோவில் ஓர் இளைஞர் விசிறியைக் கையில் பிடித்து, "இப்போது மிக முக்கியமான ஒன்று..." என்று சொன்னபோது ரயில் ஏதோ ஒரு மேம்பாலத்துக்கு அடியில் போனது. படம் உறைந்தது. மறுபடி ஓடியபோது அவர் விசிறியைக் கழற்றி முடித்திருந்தார். ரொம்பச் சுலபமாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி. ஆன்டி நண்டு சமைத்துக்கொண்டிருந்தார். அங்கிள் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நாற்காலியை இழுத்துப்போட்டு என் கைகளைப் பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"உங்களால முடியும்தானே?" என்று தர்ஷினி மெதுவாகக் கேட்டாள். "இது பல் சிகிச்சை கோர்ஸுக்கு நுழைவுத் தேர்வு. வயசு வரம்பு இருக்கு. எனக்கு இதுதான் கடைசி தடவை. நேத்தே இந்த கம்ப்யூட்டரத்தான் ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, வேற எதுலயும் எழுத முடியாது."

தப்பித்துக்கொள்ளக் கடவுள் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. "பத்து நிமிஷ வேலை," என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். ஏகப்பட்ட தூசி. கொக்கியைத் தளர்த்தி விசிறியை மேலே இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அப்போதும் வரவில்லை. அங்கிள் லேசாக இருமினார். வருங்கால மாமனார் இருமும்போது ஒரு ஆண்மகன் என்ன செய்வான்? பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

'டக்' என்று ஒரு சத்தம். விசிறி கையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து அங்கிளின் காலடியில் போய் விழுந்தது. விசிறியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியில், காய்ந்த பசையில் ஒட்டிக்கொண்டு, புரோசசரும் வேரோடு பிடுங்கிய பல்லைப் போலக் கூடவே வந்திருந்தது. பிஸ்கட் அளவு சதுரம். அதன் முதுகில் தலைமுடி கனத்தில் ஆயிரத்துக்கும் மேல் ஊசிகள். ஒரு மூலையில் ஏழெட்டு ஊசிகள் படுத்துக் கிடந்தன.

(விசிறியை முதலில் லேசாகத் திருகிவிட்டுத்தான் தூக்க வேண்டுமாம். மேம்பாலத்தடியில் நான் தவறவிட்ட மிக முக்கியமான ஒன்று அதுதான்.)

"இது இப்படித்தான் வருமா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"சில மாடல்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மேசையில் விழுந்தது. "எனக்குத் தெரியாது," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. "கம்ப்யூட்டர் கம்பெனியில்லை. பிரிண்டர் மை விக்கிறேன். ரயில்ல வீடியோ பாத்துட்டு வந்தேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு இருபது. உள்ளே போய்ப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலும், ஈயக்குச்சி போட்டு எழுதும் பென்சில் ஒன்றும் எடுத்துவந்தாள். குச்சிகளைக் கொட்டிவிட்டாள். வெற்றுப் பென்சிலின் முனைத் துளை ஓர் ஊசி நுழையும் அளவு இருந்தது.

"போன் லைட்டப் பிடிங்க. ஆட்டாதீங்க."

இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். விசிறியின் ஓரத்தில் அந்த நூலை விட்டு அறுத்து, புரோசசரை மெதுவாகப் பிரித்தெடுத்தாள். பிறகு ஒவ்வொரு ஊசியாகப் பென்சில் முனைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினாள். "ஒண்ணு ஒடிஞ்சா எல்லாம் போச்சு, இல்ல?" என்று ஒரு முறை கேட்டாள். என் மூச்சுக்காற்று பட்டு ஊசி ஒடிந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவே பயம். கடைசி ஊசி மட்டும் பாதியில் நின்று வளைய மறுத்தது. அவள் கண்ணை மூடி, திறந்து, இம்மி இம்மியாகத் தள்ளினாள். நிமிர்ந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"கொக்கி ஒடைஞ்சிருச்சு. புது விசிறியும் பசையும் வாங்கணும்," என்றேன். அங்கிள் கார்ச் சாவியை எடுத்தார்.

அந்தக் கார்ப் பயணத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்டியரிங்கில் விரலால் தட்டினார். அந்தத் தட்டலுக்கு நூறு அர்த்தம் யோசித்தேன், எல்லாவற்றிலும் கல்யாணம் நின்றுபோனது. கடைக்காரர் நான் நீட்டிய பழைய விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அலாமாக்! யாரு பாஸ் இத இப்படிப் பிடுங்குனது?"

நான் கூரையைப் பார்த்தேன். அங்கிள் அன்றைய தினத்தின் முதல் வார்த்தையை உதிர்த்தார்: "மாப்பிள்ளை."

அதில் கேலி இருந்ததா, கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இன்னும் மாப்பிள்ளைதான் என்பது மட்டும் புரிந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து புரோசசரை இடத்தில் வைத்து, பசை தடவி, பளபளப்பான புது விசிறியைப் பொருத்தியபோது இரண்டு மணி பத்து. பொத்தானை அழுத்தினோம். திரை வெளிச்சமானது! ஆன்டி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் நண்டில் கை வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். "இனிமே அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல ஆன்டி," என்றேன்.

அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. திரை கறுப்பானது.

இரண்டு இருபத்திரண்டு. நண்டுக் கையைக் கழுவிவிட்டு ஓடினேன். இந்த முறை முதலில் திருகினேன். விசிறி சாதுவாகக் கழன்றது. பசை இருக்கிறது, ஊசிகள் நேராக இருக்கின்றன, விசிறி சுற்றுகிறது. பிறகு ஏன்? திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்ணில் வியர்வை இறங்கியது.

"கொடுங்க," என்று விசிறியை வாங்கிய தர்ஷினி, அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். அங்கே பசையின் கீழே, கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் மேல் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் என்னவோ இருந்தது. அவள் பசையைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"பொருத்துறதுக்கு முன்னாடி இத உரிக்கணும்னு போட்டிருக்கு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர்கள் நால்வருமாகச் சேர்ந்து என்னை அடித்திருக்கலாம். (மூவர்தான். நாலாவது ஆள் நான், நானும் அடிக்கத் தயாராக இருந்தேன்.) தாளை உரித்தோம். குழாயில் மிச்சமிருந்த பசையைப் பிதுக்கித் தடவினோம். இரண்டு ஐம்பதுக்குத் திரை வந்தது. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அறைக்குள்ள வேற யாரும் இருக்கக்கூடாது. கதவச் சாத்துங்க."

இரண்டு மணி நேரப் பரீட்சை. நாங்கள் மூவரும் சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து விசிறியின் சத்தத்தைக் கேட்டோம். 'ஊ' என்று ஒரே சீராக ஓடியது. டிவி போடவில்லை. வாசலில் ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தபோது ஆன்டி ஓடிப்போய், கையைக் கூப்பி அவரை அனுப்பிவிட்டு வந்தார். முதல் பதினைந்து நிமிடம் தாண்டியது. அரை மணி தாண்டியது. ஒன்றரை மணி தாண்டியது. நான் மெல்ல முதுகைச் சாய்த்தேன்.

சத்தம் நின்றது.

மணி நாலு நாற்பது. இன்னும் இருபது நிமிடம் பாக்கி. ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டார். அங்கிள் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தில் வாசல் கேட் பூட்டியிருக்கிறதா என்று நான் பார்த்தது உண்மை.

கதவு திறந்தது. தர்ஷினி நின்றாள்.

"ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? முடிச்சுட்டேன். அனுப்பிட்டு நான்தான் ஆஃப் பண்ணேன்."

அங்கிள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தோள் குலுங்க, சத்தமே வராமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அவளுக்கு அந்தப் படிப்பு கிடைத்தது. எனக்கு அவள் கிடைத்தாள். ஆனால் கல்யாணத்தன்று தாலியைக் கையில் வாங்கியபோது பின்னாலிருந்து அங்கிள், "பிளாஸ்டிக்க உரிச்சாச்சா?" என்று கேட்க, மணவறையே சிரித்தது. அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் புதுசாக எது வந்தாலும், ஃபிரிட்ஜோ, போனோ, ரைஸ் குக்கரோ, எனக்கு ஒரே ஒரு வேலைதான். அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளை நான்தான் உரிக்க வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது.

போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. எல்லாவற்றையும் தர்ஷினியே பொருத்தினாள். கடைசியில் விசிறியை நீட்டி, "வாங்க, உங்க டிபார்ட்மெண்ட்," என்று கூப்பிட்டாள். பக்தியோடு தாளை உரித்தேன். அவள் விசிறியைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள்.