நீட்டுக் காரை விற்பது பற்றித் தம்பிக்கு

சரவணை,
14.06.1975

என்றும் அன்புள்ள தம்பி சண்முகரத்தினத்துக்கு அக்கா பரிமளம் எழுதுவது. நயினை அம்மாள் உம்மையும் மனைவி பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும். நான் சுகம் என்று எழுதினால் அது பொய், சுகமில்லை என்று எழுதினால் நீர் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவீர், ஆகையால் நான் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

உம்முடைய கடிதம் கிடைத்தது. அத்தான் காலமானபடியால் அவருடைய காரை இறுப்பிட்டிக் கதிர்காமுவருக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு வந்து உம்மோடு இருக்கச் சொல்லி எழுதியிருந்தீர். எனக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை வந்து கொண்டுபோகச் சொல்லி அவருக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். முன்பாதி கார், பின்பாதி லொறி என்று பிரெஞ்சுக்காரன் செய்த அந்த நீட்டுச் சாமானை வைத்து நான் என்ன செய்வது? பின்கதவு தானாகத் திறக்கும், அதைத் தும்புக் கயிற்றால் கட்டியிருக்கிறது. மழை பெய்தால் வெளியைவிட உள்ளேதான் கூட நனையும். சாமான் உடைந்தால் பிரான்சிலிருந்து வரவேண்டும், இந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து ஒரு ஆணியும் வராது. அத்தான் காய்ச்சலாய்ப் படுத்திருந்த கடைசிக் கிழமையும் என்னிடம் கேட்டது, "பரிமளம், காருக்குச் சாக்குப் போட்டு மூடினனீரோ?" என்றுதான். தன் காலைப் போர்வையால் மூடச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை.

எட்டாம் நாள், எட்டுச்செலவன்று நடந்ததை நான் உமக்கு எழுதவில்லை, வெட்கத்தில் விட்டுவிட்டேன். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைக்க வேண்டும் அல்லவா, கூழ், வடை, சுருட்டு எல்லாம் படைத்தேன். படைத்துவிட்டுப் பார்த்தால் மனம் ஆறவில்லை. ஊர்காவற்றுறை மெக்கானிக் மரியநாயகம் காரின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துப்புரவாக்கிக் கோப்பைத் தட்டில் வைத்திருந்தான். உயிரோடு இருந்தபோது அவற்றைத்தானே அவர் கண்ணுக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்ப்பார் என்று அந்தத் தட்டையும் வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பொழுதுபட அத்தானின் தமக்கை பர்வதவர்த்தினி மச்சாள் நான் படைத்தவை எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் ஓலைப்பெட்டிக்குள் வழித்துப் போட்டு, வழக்கப்படி சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டா. "மச்சாள், பிளக் எங்கை?" என்றால், "அதுவும் அவனுக்குத்தானே படைச்சனீர்? குடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது" என்கிறா. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, கீரிமலை அந்தியேட்டிக்கு, இந்தக் காரில்தான் போகவேண்டும், பிளக் இல்லாமல் எப்படிப் போவது? விடியப் போய் எடுத்து வந்தவன் மரியநாயகம்தான். "நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், எங்களுக்கு இந்தத் தோசம் இல்லை அக்கா. ஆனா ரெண்டு வடையை நாய் கொண்டுபோட்டுது" என்று கூழைத் துடைத்துத் துடைத்துப் பூட்டினான்.

அந்தியேட்டியன்று மரியநாயகம் கார் ஓட, ஒன்பது பேர் ஏறினோம். பண்ணைப் பாலத்தின் நட்டநடுவில் கார் புகைத்துக்கொண்டு நின்றுவிட்டது. "ஐயோ, என்ரை தம்பி கீரிமலைக்குப் போக மனமில்லாமல் நிக்கிறானே!" என்று மச்சாள் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினா, அவவைப் பார்த்து எல்லோரும் இறங்கி அழ, எதிரே வந்த பஸ்காரன் யாரோ கடலுக்குள் விழுந்துவிட்டார்கள் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடி வந்தான். மரியநாயகம் பொனற்றுக்குள் இருந்து தலையை எடுத்து, "தண்ணி முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். அழுறதை விட்டுட்டு ஒரு வாளி தண்ணி பாருங்கோ" என்றான். இரண்டு பக்கமும் கடல், குடிதண்ணீர் ஒரு செம்பும் இல்லை. கடைசியில் கிரியைக்குக் கொண்டுபோன இளநீரில் இரண்டை வெட்டி ரேடியேற்றருக்குள் ஊற்றிக்கொண்டு போனோம். கீரிமலையில் ஐயர் எண்ணிப் பார்த்து, "அஞ்செல்லோ சொன்னனான், மூண்டுதானே கிடக்கு?" என்று கேட்டார். "ரெண்டைக் கார் குடிச்சிட்டுது ஐயா" என்று சொல்லிவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. அத்தான் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு அதற்கும் சேர்த்து அழுதேன்.

ஆகையால் விற்பதுதான் புத்தி. காலையில் எழும்பினால் அது முற்றத்தில் நிற்கிறது, அவர் எங்கேயோ போகப் புறப்படுகிறார் போல. அது போனால் எனக்கும் ஒரு முடிவு தெரியும். பிள்ளைகளுக்கு மாமியின் முத்தங்கள். உமக்கு நீண்ட ஆயுளும் உத்தியோக உயர்வும் கிடைக்க அம்மாளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு அக்கா
பரிமளம்

பிற்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குச் சோற்றுப்பருக்கை எடுக்கக் குசினிக்குள் போனேன், கதிர்காமுவர் வந்துவிட்டார். வெள்ளி வரையும் பொறுக்க ஏலாதாம். "ஒருக்கா ஏறி இருந்து பாக்கட்டே?" என்று கேட்டார், ஓம் என்றேன். மனிதர் கட்டை, கால் மிதிக்கு எட்டவில்லை. கையைக் கீழே விட்டு ஒரே இழுவை, அவர் இருந்த சீற் கிரீச்சிட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தது. கார் வாங்கின நாள் தொட்டு அத்தானின் நீட்டுக் காலுக்கென்று பின்னுக்கே கிடந்த சீற் தம்பி. "அதைத் தொடாதையுங்கோ!" என்று நான் கத்தின கத்தலில் அவர் ஹோர்னில் கையை வைத்துவிட்டார். "கால் எட்டாமல் எப்பிடித் தங்கச்சி ஓடுறது?" "நீங்கள் ஓட வேண்டாம். இறங்குங்கோ." இறங்கிப் போய்விட்டார், கோபம்தான். சீற்றைப் பழையபடி தள்ளிப் பார்த்தேன், துருவில் இறுகி அசையவில்லை. உள்ளே ஏறி இருந்து காலை ஊன்றித் தள்ளிப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. அப்படியே இருந்து கொஞ்சம் அழுதுவிட்டுக் கீழே பார்த்தால் மூன்று மிதியும் என் காலுக்குச் சரியாகக் கிடக்கின்றன.

மரியநாயகம் நாளைக்குத் தரவைப் புல்வெளியில் எனக்குக் கார் ஓடப் பழக்குகிறேன் என்கிறான். மாடுகளை அப்புறப்படுத்திவிட்டுத்தான் தொடங்குவானாம். மச்சாள் மூன்று நாள் என்னோடு கதைக்கமாட்டாவாம், ஆனால் பழகினபிறகு தன்னை நயினாதீவு வள்ளத்தடிக்குக் கொண்டுபோய் விடவேண்டுமாம். ஆகவே கதிர்காமுவருக்கு நீரே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும். லீவில் வரும்போது இந்தக் காருக்கு ஒரு ஃபான்பெல்ற் எங்கேயாவது தேடிக்கொண்டு வாரும். யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு நானே வந்து உம்மை ஏற்றுவேன். எதற்கும் பஸ் நேரத்தையும் விசாரித்து வைத்திரும்.