ஸாரி சொல்லும் ஊரில் குற்றம் பெருகிய கதை

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கதை நடப்பது இங்கிலாந்தில். அங்கே காட்டை எப்போதோ வெட்டிப் புல்வெளி ஆக்கிவிட்டார்கள். புல்வெளிக்கு வேலி போட்டு, வேலிக்குள் வீடு கட்டி, வீட்டு வாசலில் ரோஜாச் செடி வைத்தும் ஆகிவிட்டது. ஆகவே ஒரு காட்டில், அதாவது காடு இருந்த இடத்தில், லிட்டில் பம்பிள்டன் என்றொரு கிராமம் இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம், ஒரு தேநீர்க் கடை, ஓயாத தூறல். ஊர் அவ்வளவுதான். நம் கதைகளில் வருகிற அதே மிருகங்கள்தான் அங்கேயும் குடியிருந்தன. என்ன, கொஞ்சம் கம்பளி உடுத்தியிருந்தன.

அந்த ஊர் மிருகங்களுக்கு ஒரு பழக்கம். எதற்கெடுத்தாலும் ஸாரி சொல்லும். நம் பக்கத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தால், மிதித்தவர்தான் முதலில் முறைப்பார். லிட்டில் பம்பிள்டனில் மிதிபட்டது ஸாரி சொல்லும், மிதித்ததும் ஸாரி சொல்லும், பக்கத்தில் நின்று பார்த்தது பார்த்துவிட்டதற்காக ஒரு ஸாரி சொல்லும். வழி கேட்க வேண்டுமென்றால் ஸாரி. காதில் சரியாக விழவில்லை என்றாலும் ஸாரி. பாதிரியாராக இருந்த செம்மறியாடு ஒரு நாள் மூடுபனியில் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடம் ஸாரி சொல்லிவிட்டு, அது பதில் பேசவில்லையே என்று வருத்தப்பட்டது. தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து யாரும் அதைச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி தானாக வரும்.

ஊரில் உண்மையாகவே தப்பு செய்தது ஒரே ஒரு பிராணிதான். ஜாஸ்பர் என்ற நரி. தேநீர்க் கடை நடத்திய வினிஃப்ரெட் என்ற கோழி, தினமும் காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய கேக்கை ஆறட்டும் என்று ஜன்னலில் வைக்கும். நரி வந்து அதில் ஒன்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போகும். கோழி பார்த்துவிட்டால், பழக்கதோஷத்தில், "ஸாரி, கேக்கை வழியில வச்சுட்டேன்" என்று சொல்லும். நரி பதில் சொல்லாது, வாயில் கேக் இருக்கும். நரியைத் திருடன் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பதால், அதற்கு இனிப்பு ரொம்பப் பிடிக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கோழிக்கு அந்தக் கடைதான் உயிர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பட்டணத்திலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து வரும். அதில் வந்த மிருகங்கள் தேவாலயத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு, கேக்கை நிதானமாகச் சாப்பிடும். பூட்டு என்ற பொருளையே அறியாத ஊர், பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுக் கண்ணயரலாம் என்ற பெயர் இருந்ததால்தான் பேருந்து வந்தது. பேருந்து வந்ததால்தான் கடை நடந்தது.

இப்படி இருக்கும்போது மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து மாளவில்லை. ஊருக்கு ஒரு கருவி வைத்தால் என்ன? வைத்தார்கள். செவிக்காவலன் என்று அதற்குப் பெயர். சிவப்புத் தபால் பெட்டியின் தலையில் காளான் போல உட்கார்ந்துகொண்டு, ஊர் பேசுவதையெல்லாம் கேட்கும். குற்றம் என்று பட்டால் அதுவே வழக்குப் பதிவு செய்து, ஊரின் ஒரே கான்ஸ்டபிளான பார்னபி என்ற முள்ளெலியின் கைபேசியில் டிங் என்று அடிக்கும்.

அந்தக் கருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஒரு பெரிய பட்டணத்தில். அந்தப் பட்டணத்தில் யாரும் யாரிடமும் ஸாரி சொல்வதில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகுதான் "ஸாரி சார், விட்டுடுங்க சார்" என்று வாயைத் திறப்பார்கள். ஆகவே கருவி ஒரு விஷயத்தைச் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது. ஸாரி என்றால் ஒப்புதல் வாக்குமூலம். என்ன குற்றம் என்பதை, கூடவே காதில் விழுந்த மற்ற சொற்களை வைத்து அதுவே முடிவு செய்துகொள்ளும்.

முதல் நாள் காலை தபால் நிலைய வரிசையில் நின்ற அத்தனை மிருகங்களும் குற்றவாளிகள் ஆயின. "ஸாரி, ஒரு ஸ்டாம்ப்" என்று கேட்ட ஆமை மீது ஸ்டாம்ப் மோசடி. தள்ளுவண்டியில் தன் குட்டிகளை வைத்துக்கொண்டு, "ஸாரி, குழந்தைங்க இருக்கு, கொஞ்சம் வழி விடுங்க" என்ற முயல் மீது குழந்தைக் கடத்தல். அதுவும் ஒரே நேரத்தில் பல குழந்தைகள். முள்ளெலியின் கைபேசி அன்று முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. நம் ஊரில் இவ்வளவு அக்கிரமம் நடந்திருக்கிறதே, இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அது மலைத்துப் போனது.

அடுத்த வாரமே மாவட்டப் பத்திரிகையில் லிட்டில் பம்பிள்டனின் பெயர் வந்துவிட்டது. தலைக்கு இத்தனை குற்றம் என்று கணக்குப் போட்டதில், அந்தப் பெரிய பட்டணத்தையே தூக்கிச் சாப்பிட்டிருந்தது. பேருந்து வேறு பாதையில் போக ஆரம்பித்தது. பத்திரிகையைப் படித்த ஊர் மிருகங்களும் நடுங்கிப் போயின. தெருவில் ஒன்றையொன்று பார்த்தால் ஒதுங்கின. ஒதுங்கும்போது வேறொன்றின் மேல் இடித்துக்கொண்டன. இடித்துக்கொண்டதும் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குற்றம் இன்னும் ஏறியது.

கோழி கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு ஒரு நாள் முள்ளெலி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. கேக் திருட்டில் மாவட்டத்திலேயே முதலிடத்தில் இருப்பது கோழிதான் என்றும், இன்னும் ஒரு வழக்கு பதிவானால் கடைக்கு சீல் வைக்க உத்தரவு வந்திருக்கிறது என்றும் சொன்னது.

"என் கேக்கை நானே திருடினேனா, கான்ஸ்டபிள்?" என்று கேட்டது கோழி.

"நீங்கதானேம்மா ஒத்துக்கிட்டிருக்கீங்க. அதுவும் தினம் தினம்."

கோழி பொலபொலவென்று அழுதுவிட்டது. முள்ளெலிக்கு மனசு கேட்கவில்லை. "ஸாரிம்மா, உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு எனக்கு ஆசையா?" என்றது. டிங். கைபேசியை எடுத்துப் பார்த்தால், பெண்ணைக் கொடுமைப்படுத்திய வழக்கில் முள்ளெலி பார்னபி என்று இருந்தது. தன்னைத் தானே விசாரிக்க எந்த அறையில் உட்காருவது என்ற குழப்பத்தோடு அது நிலையத்துக்குத் திரும்பியது.

பாதிரியார் செம்மறியாடு மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் சொல்லிப் பார்த்தது. தொந்தரவுக்கு ஸாரி என்று பேச்சை ஆரம்பித்ததால் அதன் மேலும் ஒரு வழக்கு விழுந்தது. கடைசியில் தேவாலயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். குற்றப் பின்னணி இல்லாத யாராவது ஒருவர் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று முடிவானது. கருவியிடம் கேட்டார்கள். ஊரில் ஒரே ஒரு ஜீவன் மேல்தான் வழக்கே இல்லை என்று அது சொன்னது. பிறந்ததிலிருந்து ஒரு ஸாரி கூடச் சொல்லாத ஜாஸ்பர்.

நரி எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேடை ஏறியது. வேண்டாம் என்று சொல்ல எல்லாருக்கும் கூச்சமாக இருந்ததால் கை தட்டினார்கள்.

நரியைக் குறை சொல்லக் கூடாது, ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்தது. கூடத்தில் தினமும் வகுப்பு நடத்தியது. காலை மிதித்துவிட்டால் கூரையைப் பார்க்க வேண்டும். இடித்துவிட்டால் "கண்ணு தெரியலையா?" என்று முந்திக்கொள்ள வேண்டும். மற்றவர் பொருள் கையில் இருக்கும்போது யாராவது பார்த்துவிட்டால், அவரை ஏற இறங்கப் பார்க்க வேண்டும். முயல் சீக்கிரம் தேறிவிட்டது. பாதிரியாருக்குக் கூரையைப் பார்ப்பது தொழில் என்பதால் சிரமமே இல்லை. கோழிக்குத்தான் வரவே இல்லை. அலகை இறுக்கி மூடினாலும் இறகுகளுக்குள்ளிருந்து ஸாரி குமுறும். கடை போய்விடுமே என்ற பயத்தில் அது கழுத்தில் சால்வையைச் சுற்றி, அலகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நடமாடியது.

சோதனைக்கும் ஒரு நாள் வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆக்னஸ் என்ற வாத்து அதிகாரி கடையைப் பார்வையிட வந்தது. சால்வையை அவிழ்க்காமல் விருந்தாளியை உபசரிக்க முடியாது. கோழி அவிழ்த்தது. தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்தது. வாத்து தன் அகலமான காலை நடைபாதையில் நீட்டி வைத்திருந்தது. கோழி அதன் மேல் ஏறி நன்றாகவே மிதித்துவிட்டது.

கடையே உறைந்து நின்றது. முள்ளெலி பந்தாகச் சுருண்டுகொண்டது. ஸாரி என்ற சொல் கோழியின் தொண்டை வரை வந்துவிட்டது, எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தன் அடுப்பையும், ஜன்னலையும், பேருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையையும் கோழி ஒரு கணம் நினைத்துப் பார்த்தது. அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு நிமிர்ந்தது.

"காலை நடுவழியில நீட்டிக்கிட்டு உட்கார்ந்தா மிதிபடத்தான் செய்யும். கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றது.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகியவர் கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது. வாத்தும் இங்கிலாந்து வாத்துதானே. சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, "ஓ, ஸாரி" என்றது. டிங். மாவட்ட அதிகாரி மீது அத்துமீறல் வழக்கு. வாத்து முள்ளெலியைப் பார்த்தது, முள்ளெலி கைபேசியைப் பார்த்தது. பிறகு இரண்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தன. அதிகாரி விஷயத்தை யாரும் கிளப்புவதில்லை, கடை மேல் இருந்த வழக்கெல்லாம் ரத்து என்று பேசி முடித்துக்கொண்டார்கள். கோழி அன்று ஆனந்தக் கண்ணீர் விட்டது.

அன்றிலிருந்து ஊருக்கே துணிச்சல் வந்துவிட்டது. ஸாரி சொல்லவேண்டிய கட்டாயம் போனதும், அதுவரை கூச்சத்தில் மடங்கியிருந்த கைகளும் நீண்டன. பாதிரியார் முயலின் குடையை எடுத்துக்கொண்டு போனது. முயல் தேவாலயத்து மெழுகுவத்திகளை எடுத்தது. முள்ளெலி எல்லார் தோட்டத்திலும் புகுந்து சாப்பிட்டது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கோழியும் ஒரு நாள் நரியின் குகைக்குப் போய், இத்தனை காலம் காணாமல் போன தட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டது. கூடவே நரியின் நாற்காலி, மேசை, திரைச்சீலை. கடைக்கு அவை நன்றாகப் பொருந்தின.

செவிக்காவலன் வாரக்கணக்கில் ஒரு சத்தமும் போடவில்லை. குற்ற விகிதம் சுழியம். மாவட்டத்திலேயே பாதுகாப்பான கிராமம் என்று பத்திரிகை எழுதியது. பேருந்து மறுபடி வந்தது. வந்த மிருகங்கள் கேக்கைப் பாராட்டின, போகும்போது தொப்பியையும் கைப்பையையும் காணாமல் தேடின. புள்ளிவிவரத்தில் அப்படி எதுவும் இல்லை என்று முள்ளெலி பணிவோடு எடுத்துச் சொன்னது.

இதில் நொடித்துப் போனது நரி மட்டும்தான். காலையில் அது ஜன்னலுக்கு வருவதற்குள் பாதிரியார் வந்து போயிருக்கும். குகையில் கதவைக் கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நாள் நல்ல மழையில், கோட்டும் இல்லாமல், பசியோடு கடை வாசலில் நின்றது. உள்ளே கோழி நரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தன் பொருளில் இன்னொருவர் சொகுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று நரிக்கு அன்றுதான் விளங்கியது.

"மிஸஸ் வினிஃப்ரெட்" என்று கூப்பிட்டது. "உழைச்சு சுட்டு வைக்கிற கேக்கை நான் தினம் எடுத்துக்கிட்டுப் போனேன். உங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு யோசிச்சதே இல்ல. அது தப்புதான். ஸாரி."

அந்த ஊர் தோன்றிய நாளாக எத்தனையோ ஸாரி சொல்லப்பட்டிருக்கும். மனசார வந்தது அது ஒன்றுதான். கோழி பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்து, தபால் பெட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது.

டிங்.

முள்ளெலி தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் குற்றவாளி என்பதால் கொஞ்சம் உற்சாகமாகவே வந்தது. ஊர் திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. இவ்வளவு நாளும் நம் நடுவிலேயே ஒரு திருடன் இருந்திருக்கிறானே என்று பாதிரியார், முயலின் குடையைப் பிடித்துக்கொண்டு, மனம் நொந்து பேசியது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேருந்திலேயே நரியைப் பட்டணத்துச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு லிட்டில் பம்பிள்டனில் குற்றம் என்ற பேச்சே கிடையாது.

நீதி: திருடிக்கொண்டே இருங்கள், ஒன்றும் ஆகாது, திருந்தினால்தான் போலீஸ் வரும்.